வீதியோரத்துச் சாட்சிகள்

ஆண்டின் பொதுக்காலம் 20ஆம் ஞாயிறு (மூன்றாம் ஆண்டு)
எரேமி. 38: 4-6, 8-10, எபி. 12: 1-4, லூக். 12: 49-53



இன்றைய இரண்டாம் வாசகம் நம்மை ஓர் ஓட்டப் போட்டிக்கு அழைத்துச் செல்கின்றது. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஆசிரியர், விசுவாச வாழ்வை நெடுந்தூர ஓட்டத்துக்கு ஒப்பிடுகின்றார். சுமைகளை இறக்கி வைத்துவிட்டு, காலைச் சுற்றிப் பிடிக்கும் பாவத்தையும் உதறிவிட்டு, பொறுமையோடு ஓடும்படி அவர் நம்மைக் கேட்கின்றார். ஓட வேண்டும் என்பதைப்பற்றி நாம் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கின்றோம். ஆனால் அவ்வசனத்தின் தொடக்கத்தை அவசரமாகக் கடந்துவிடுகின்றோம். ஓடுங்கள் என்று சொல்லுமுன் அவர் வேறொன்றைச் சொல்கின்றார்: சாட்சிகள் ஒரு மேகத்தைப்போலத் திரண்டு நம்மைச் சூழ்ந்திருக்கின்றார்கள் என்பதே அது. ஆம், ஓடுகிறவனைப்பற்றிப் பேசுமுன், ஓட்டத்தைச் சூழ நிற்பவர்களைப்பற்றியே அவர் பேசுகின்றார்.

இன்று அவர்களைப்பற்றிச் சற்றுச் சிந்திப்போம். ஏனெனில் நம்மிடையே முதுமையினாலும் நோயினாலும் ஓய்ந்து, “இனி என்னால் யாருக்கு என்ன பிரயோசனம்?” என்று ஒதுங்கியிருப்போர் பலர் உளர். வேறு சிலரோ நல்ல பலத்தோடிருந்தும் ஒதுங்கி நின்று, ஓடுகிறவன் எங்கே இடறுவான் என்று பார்த்திருக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் இன்றைய வாசகத்தில் ஒரு செய்தி உண்டு.

பொஸ்டன் நகர வீதியிலே

அமெரிக்காவிலுள்ள பொஸ்டன் மாநகரில், வழக்கமாக ஏப்ரல் மாதத்து மூன்றாம் திங்கட்கிழமையன்று ஒரு மரதன் ஓட்டம் நடைபெறும். 1896இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் போட்டியினால் தூண்டப்பட்டு, 1897இல் இது ஆரம்பிக்கப்பட்டது. அன்று ஓடப் புறப்பட்டவர்கள் 15 பேர் மாத்திரமே. இன்றோ ஏறத்தாழ 30,000 பேர் ஓடுகின்றனர். ஹொப்கின்டன் என்னும் சிற்றூரில் தொடங்கி, பல ஊர்களைக் கடந்து, பொஸ்டன் நகரின் நடுவே பொயில்ஸ்டன் வீதியில் முடிவுறும் இந்த ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர், அதாவது 26 மைலுக்குச் சற்று அதிகம்.

ஓடுகிறவர்கள் 30,000 பேர் என்றால், வீதியின் இருமருங்கிலும் நின்று பார்ப்பவர்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் என்று மதிப்பிடுகின்றார்கள். ஓடுகிற ஒருவருக்குப் பதினைந்து பேருக்கும் மேல்! அவர்களுள் மிகப் பலருக்கு ஆசனமும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. வெயிலோ மழையோ, வீதியோரமே அவர்களுக்கு இடம். சிறுபிள்ளைகள் தோடம்பழத் துண்டுகளையும் தண்ணீரையும் ஓடுவோருக்கு நீட்டுகின்றனர். ஓடுவோரில் பலர் தங்கள் பெயரைச் சட்டையிலோ கையிலோ எழுதியிருப்பார்கள். முன்பின் அறியாதவர்கள் அப்பெயரைச் சொல்லிக் கூவி உற்சாகப்படுத்துகின்றார்கள். ஏறக்குறைய நடுவழியில் வெல்ஸ்லி என்னும் இடத்தில் ஒரு பெண்கள் கல்லூரி உண்டு. அக்கல்லூரி கண்ணுக்குத் தெரியுமுன்னரே அம்மாணவிகளின் ஆரவாரம் காதிலே விழுகின்றது என்பார்கள்.

முதலாவதாக வருகிறவர் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் ஓடி முடித்துவிடுவார். அவருக்குக் கைதட்டுவது எளிது. கடைசியில் வருகிறவர்களுக்கோ ஆறு மணித்தியாலமும் செல்லலாம். மாலையாகியும் வீட்டுக்குப் போகாமல் அவர்களுக்காகவும் காத்து நிற்கிறார்களே, அவர்களுடைய கைதட்டல்தான் பெரிது.

இந்த ஓட்டத்தில் மிகக் கடினமான இடம் எது தெரியுமா? 32 கிலோமீற்றர் ஓடிய பின்னர் வரும் இடந்தான். தசைநாரிலும் ஈரலிலும் உடம்பு சேமித்து வைத்திருந்த சத்து தீர்ந்துபோகும் நேரம் அது. கால்கள் கல்லாகிவிடும். மனம் “போதும், நிறுத்து” என்று கெஞ்சும். அந்த நேரத்தில்தான் நியூட்டன் என்னும் ஊரின் மேடுகள் எதிரே வருகின்றன. அவற்றுள் இறுதி மேட்டுக்கு ‘நெஞ்சுடைக்கும் மேடு’ என்று பெயர். 1936இல் ஜோன் கெலி என்னும் வீரர், அவ்விடத்தில் தமக்கு முன்னே ஓடியவரை எட்டிப்பிடித்து, அவரது தோளில் தட்டிவிட்டு ஓடினார். தட்டப்பட்டவரோ வீறுகொண்டு ஓடி வெற்றிபெற்றுவிட்டார். கெலியின் நெஞ்சு உடைந்த இடம் என்று ஒரு பத்திரிகையாளர் எழுதியதிலிருந்து அப்பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் கெலி ஓட்டத்தைக் கைவிட்டாரா? இல்லை. 1935இல் வென்றிருந்த அவர் 1945இல் மறுபடியும் வென்றார். 1992இல், தமது 84ஆவது வயதில், 61ஆவது தடவையாகப் பொஸ்டனில் ஓடினார்!

அந்த மேட்டைத் தாண்டியதும் எதிர்ப்படுவது யேசு சபையாரின் பொஸ்டன் கல்லூரியும் புனித இஞ்ஞாசியார் ஆலயமும். அங்கே மாணவர்கள் பெருந்திரளாக நின்று ஆரவாரிக்கின்றார்கள். ஓடுகிறவர் தளர்ந்துபோகும் இடத்திலேயே கூட்டமும் குரலும் இருக்கின்றன. சகோதரரே, நம் பங்கிலே மனிதர் தளர்ந்து விழும் இடங்களில் நம் கூட்டம் நிற்கின்றதா? அல்லது, வெற்றி விழா நடக்கும் இடத்தில் மாத்திரம் நிற்கின்றதா?

சாட்சி என்பவர் யார்?

திருமுகத்தின் ஆசிரியர், சுற்றி நிற்பவர்களைப் ‘பார்வையாளர்’ என்று அழைக்கவில்லை. ‘சாட்சிகள்’ என்றே அழைக்கின்றார். கிரேக்க மொழியிலே சாட்சியைக் குறிக்கும் அதே சொல்தான், விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவரையும் குறிக்கலாயிற்று. நம் முன்னோரும் அதையுணர்ந்து ‘வேதசாட்சி’ என்று அழகாகச் சொன்னார்கள். அந்த மேகத்தில் இருப்பவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களல்லர். அவர்கள் அதே வீதியில் ஓடிக் களைத்து, விழுந்து எழும்பி, முடித்தவர்கள். ஆபிரகாம், மோயீசன், இராகாப் என்று முந்திய அதிகாரம் அவர்களுடைய பெயர்களை அடுக்கிச் சொல்கின்றது. நம் நாட்டிலே அந்த வரிசையில் புனித யோசேப் வாஸ் அடிகளும் நிற்கின்றார். 1687இல் வறியவர் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, குருக்களின்றித் தவித்த மக்களைத் தேடித்தேடி நடந்தவர் அவர். ஓடி முடித்தவர்கள் நமக்காகப் பரிந்து பேசுகின்றார்கள் என்பதே புனிதர்களின் சமூக உறவு என்னும் நம் விசுவாசம்.

சாட்சிக்கு வேறொரு கடமையும் உண்டு. உண்மையைச் சொல்வதே அக்கடமை. 1980ஆம் ஆண்டு பொஸ்டன் ஓட்டத்தில் ஒரு பெண், பெண்களுள் முதலாவதாக எல்லைக் கோட்டைத் தாண்டினார். அவருக்கு மலர் முடியும் சூட்டப்பட்டது. ஆனால் வழிநெடுக நின்ற கண்காணிப்பாளர்கள் அவரைக் கண்டதில்லை. கூட ஓடியவர்களும் கண்டதில்லை. முடிவிடத்துக்கு அண்மையில், கூட்டத்துக்குள்ளிருந்து அவர் வீதியில் இறங்கியதைக் கண்டோம் என்று வீதியோரத்தில் நின்ற மாணவர்கள் சொன்னார்கள். ஒரு வாரமளவில் அவ்வெற்றி நீக்கப்பட்டு, கனடாவைச் சேர்ந்த ஜக்லின் கரோ என்பவருக்கு உரிய சிறப்பு அளிக்கப்பட்டது. தவறிய அந்தப் பெண்ணை நாம் இன்று தீர்ப்பிட வேண்டாம். அவர் காலமாகியும் விட்டார். நம்மையே கேட்டுக்கொள்வோம்: ஓடாமலே முடிசூடிக்கொள்ளும் ஆசை நமக்கும் இல்லையா? பெரிய வெள்ளியைத் தவிர்த்துவிட்டு உயிர்ப்பு ஞாயிறுக்கு மாத்திரம் வந்து சேர்வது நமக்கும் இனிக்கின்றதல்லவா? இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் தமக்கு முன்னேயுள்ள துன்பத் திருமுழுக்கைப்பற்றிப் பேசி, அது நிறைவேறுமளவும் தம் உள்ளம் படும் நெருக்கத்தை மறைக்காமல் சொல்கின்றார். அவர் குறுக்கு வழி தேடவில்லை. முழு வீதியையும் ஓடினார்.

தள்ளிச் சென்ற தந்தை

அதே பொஸ்டன் வீதியில் இன்னொரு சாட்சியைக் காண்போம். 1962இல் ரிக் ஹொயிட் என்னும் குழந்தை பிறந்தது. பிறக்கும்போது கொப்பூழ்க்கொடி கழுத்தைச் சுற்றியதால் மூளைக்குப் பிராணவாயு குறைந்து, கை கால் வழங்காமலும் பேச்சில்லாமலும் போயிற்று. பிள்ளையை ஒரு நிலையத்தில் ஒப்படைத்துவிடும்படி மருத்துவர்கள் ஆலோசனை சொன்னார்கள். பெற்றோர் அதைக் கேளாமல் வீட்டுக்குக் கொண்டுசென்று, மற்றப் பிள்ளைகளைப்போலவே வளர்த்தார்கள். தலையசைவால் எழுத்துக்களைத் தெரிவுசெய்து பேச உதவும் ஒரு கணினிப் பொறி கிடைத்ததும், அந்தப் பிள்ளைக்குள் எவ்வளவு அறிவு இருந்தது என்பதை உலகம் கண்டது.

1977இல், விபத்தில் உடல் வழங்காமற்போன ஓர் இளைஞனுக்காக நிதி திரட்டும் ஐந்து மைல் ஓட்டம் நடந்தது. தானும் அதில் பங்குபற்ற வேண்டும் என்று ரிக் விரும்பினார். தந்தை டிக் ஓட்டவீரர் அல்லர். ஆயினும் மகனைச் சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளிக்கொண்டே ஓடி முடித்தார். ஓடும்போது தனக்கு ஊனமே இல்லாததுபோல் இருந்தது என்று அன்றிரவு மகன் தெரிவித்தார். அந்த ஒரு சொல்லுக்காகத் தந்தை தொடர்ந்து ஓடினார். 1981இல் தந்தையும் மகனும் பொஸ்டன் மரதனை முதன்முறையாக ஓடி முடித்தார்கள். 2014 வரை அங்கே 32 தடவைகள், மொத்தமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிகள்! டிக் 2021இல் தமது 80ஆவது வயதிலும், ரிக் 2023இல் 61ஆவது வயதிலும் காலமானார்கள்.

இங்கே ஓடியவர் யார்? தந்தையா, மகனா? மகனின்றித் தந்தை ஓடியிருக்க மாட்டார். தந்தையின்றி மகன் ஓடியிருக்க முடியாது. தேவ வரப்பிரசாதம் என்பதும் இத்தகையதே. நாம் ஓடுகின்றோம் என்று எண்ணுகின்றோம். நம்மைப் பின்னாலிருந்து தள்ளிவரும் பரம தந்தையின் கைகளையோ நாம் காண்பதில்லை.

இன்னுமொன்று. ஊனமுற்ற பிள்ளையை உள்ளறையில் வைத்து, விருந்தினர் வரும்போது கதவைச் சாத்திவிடும் வீடுகள் நம்மிடையே இல்லையா? அப்பெற்றோரைக் குறைகூற நான் துணியேன். அவர்களை அப்படிச் செய்ய வைத்தது வீதியோரத்தில் நிற்கும் நம்முடைய பார்வையே. “யார் செய்த பாவமோ” என்று நாம் முணுமுணுத்ததை அவர்கள் கேட்டிருக்கின்றார்கள். அப்படிக் கேட்ட சீடரை ஆண்டவர் அன்றே திருத்திவிட்டார் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

வீதியோரத்தில் சிந்திய இரத்தம்

2013 ஏப்ரல் 15ஆம் திகதி, பொஸ்டன் ஓட்டம் முடிவுறும் இடத்தருகே இரண்டு குண்டுகள் வெடித்தன. மூவர் மாண்டனர், 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர், பலர் கால்களை இழந்தனர். மாண்ட மூவரும் ஓடிக்கொண்டிருந்தவர்கள் அல்லர், வீதியோரத்தில் நின்று பார்த்தவர்கள். அவர்களுள் ஒருவன் எட்டு வயதுப் பாலகன். பிறருடைய மகிழ்ச்சியில் மகிழ வந்த இடத்திலேயே அவர்களுடைய உயிர் போயிற்று.

புகை அடங்குமுன்னரே, தடுப்புக் கம்பிகளைப் பிய்த்தெறிந்துகொண்டு காயப்பட்டவர்களை நோக்கி ஓடியவர்களும் அங்கே இருந்தார்கள். எல்லைக் கோட்டை அடைய முடியாமல் இடைவழியில் ஆயிரக்கணக்கான ஓட்டவீரர்கள் நிறுத்தப்பட்டபோது, அயலிலிருந்த மக்கள் தண்ணீரும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று பார்த்து நின்றவர்கள் ஓடினார்கள். ஓடியவர்கள் நின்று அழுதார்கள். மூன்று நாட்களின் பின் பொஸ்டன் திருச்சிலுவைப் பேராலயத்தில் பல சமயத்தாரும் கூடிச் செபித்தார்கள். அடுத்த ஆண்டு, எரித்திரியா நாட்டிலிருந்து சிறுவயதில் அகதியாகச் சென்ற மெப் கெப்லெசிகி என்பவர் முதலாவதாக ஓடிவந்தார். அவருடைய இலக்கத் தாளின் மூலைகளில் இறந்தவர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பார்த்து நின்று மாண்டவர்களை அவர் எல்லைக் கோடுவரை சுமந்து சென்றார்.

இதை நாம் தூரதேசத்துச் செய்தியாகக் கேட்க முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் நடந்தவை நம் கண்முன்னே நிற்கின்றன. போரிலே கால் இழந்தவர்களும் நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து திருப்பலி காண்கின்றார்கள். அவர்களும் நாம் சுமக்கவேண்டிய பெயர்கள். ஆண்டுக்கொருமுறை மெழுகுதிரி ஏற்றுவதோடு அப்பெயர்களை இறக்கி வைத்துவிட்டோமா?

சிலுவைப் பாதையின் ஓரத்தில்

நம் ஆண்டவர் கல்வாரியை நோக்கிச் சென்ற வீதியிலும் பெருங்கூட்டம் நின்றது. ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். ஒன்றும் செய்யாமல் பார்த்து நின்ற மக்களையும் லூக்காஸ் குறிப்பிடத் தவறவில்லை. ஆனால் தவக்காலம்தோறும் நாம் முழந்தாளிட்டு நினைவுகூருவது யாரை? எதிரே வந்து நின்ற தாயை. வயலிலிருந்து வந்து சிலுவையைத் தாங்கிய சீரேனே ஊர்ச் சீமோனை. முகம் துடைத்தாள் என்று பாரம்பரியம் சொல்லும் வெரோணிக்காளை. அழுத எருசலேம் பெண்களை. இவர்கள் ஒருவராலும் ஆண்டவரின் ஓட்டத்தை அவருக்குப் பதிலாக ஓடிவிட முடியவில்லை. வீதியோரத்தில் நின்று, தங்களால் இயன்ற சிறியதொன்றைச் செய்தார்கள். திருச்சபை இரண்டாயிரம் ஆண்டுகளாக அவர்களை மறக்கவில்லை.

இன்றைய முதல் வாசகத்திலும் அப்படியொருவர் நிற்கின்றார். எரேமியாஸ் இறைவாக்கினரைச் சேற்றுக் கிணற்றில் இறக்கிவிட்டார்கள். நகரமே அறிந்திருந்தும், அரசனிடம் சென்று பேசியவர் எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியர் மாத்திரமே. அவர் ஓர் அந்நியர். வாசகத்தைத் தொடர்ந்து சில வசனங்கள் படித்துப் பாருங்கள். கயிற்றை இறக்குமுன் அவர் பழந்துணிகளைத் தேடி எடுத்து, கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்கின்றார். தூக்கிவிடுவது மாத்திரம் அன்பல்ல. நோகாமல் தூக்கிவிடுவதே அன்பு. நாம் பலருக்கு உதவி செய்கின்றோம். அந்தப் பழந்துணியைத்தான் மறந்துவிடுகின்றோம்.

நம் பங்கிலே

பத்து ஆண்டுகளாகக் கோவிலுக்கு வராத ஒருவர், ஒரு ஞாயிறு வாசற்படி மிதிக்கின்றார். அவருக்கு அதுவே நெஞ்சுடைக்கும் மேடு. அந்நேரத்தில் நம் வாயிலிருந்து வருவது என்ன? “ஓ, இவரும் வந்துவிட்டாரா!” என்ற சிரிப்பா? குடியை விட்டு மூன்று வாரமான ஒரு குடும்பத் தலைவனிடம், “பார்ப்போம், எத்தனை நாளைக்கு” என்கின்றோமா? நம் ஒரு சொல் அவரை எல்லைக் கோடுவரை கொண்டுபோகலாம்; அல்லது அவ்விடத்திலேயே உட்கார்த்திவிடலாம். குருக்களாகிய நாங்களும் இதில் குற்றமற்றவர்களல்லர். முன்னே ஓடி வருபவர்களையே நாங்களும் பெயர்சொல்லி அறிவோம். கடைசியாக வருகிறவர் வந்துசேருமுன் கதவைப் பூட்டிவிட்டுப் போன நாட்களும் உண்டு.

முதியவர்களே, நோயாளரே! நீங்கள் ஓய்ந்துவிடவில்லை. ஓட்டத்தின் பெரும்பகுதியை ஓடி முடித்து, வீதியோரத்துக்கு வந்திருக்கின்றீர்கள். உங்கள் கையிலுள்ள செபமாலையே நீங்கள் நீட்டும் தண்ணீர். பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நீங்கள் செபிக்கும்போது, அவர்கள் எங்கோ ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றார்கள். கடல் கடந்து போன பிள்ளைக்கு உங்கள் குரல் கேட்காமலிருக்கலாம். ஆயினும் அவன் கால்களுக்கு அது பலமாகும்.

இவ்வாரத்தில் ஒன்று செய்வோம். நமக்குத் தெரிந்தவர்களுள் தளர்ந்து நிற்கும் ஒருவரைத் தெரிவுசெய்வோம். அவர் வீட்டுக்கு ஒருமுறை போவோம். புத்திமதி சொல்ல வேண்டாம்; பெயர் சொல்லி அழைத்தாற் போதும். கண்களை ஆண்டவர்மேல் பதித்து ஓடும்படி திருமுகம் கேட்கின்றது. அவரே நமக்கு முன்னே ஓடி, சிலுவையைச் சகித்து, பிதாவின் வலப்பக்கம் சேர்ந்தவர். அவர்மேல் கண்வைத்து ஓடுகிறவன், அருகே விழுந்தவனைக் காணாமல் போவதில்லை. ஏனெனில் விழுந்தவனிடத்திலும் அவரே இருக்கின்றார்.

செபிப்போமாக: ஆண்டவரே, எங்கள் ஓட்டத்தில் எங்களைத் தள்ளிச் செல்லும் கரம் உமதென்று அறியச் செய்யும். ஓட இயலாத நாளிலே வீதியோரத்தில் உண்மையுள்ள சாட்சிகளாய் நிற்கும் வரத்தைத் தாரும். வன்முறையில் மாண்டவர்களையும் அங்கம் இழந்தவர்களையும் உம் திருமுன் பெயர் சொல்லி நினைவுகூருகின்றோம். கடைசியாக வருகிறவருக்காகவும் வாசலைத் திறந்து வைத்திருக்கும் உம்முடைய உள்ளத்தை எங்களுக்கும் தந்தருளும். ஆமென்.